அலாஸ்காவில் அகல உழுவதா, ஆழ உழுவதா?

('பயணத்தில் நிறைவு தருவது பல இடங்களைப் பார்ப்பதா, சில இடங்களை நிதானமாகப் பார்ப்பதா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், 'நிதானமே' என்ற அணியில் பேசிய அறிவிப்பாளரின் உரை.)



எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் பத்து நாளில் ஏழு நாடுகளைப் பார்த்த கதையைச் சொன்னார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் பேச்சின் நடுவே, "அந்தப் பாலம் எந்த ஊரில் இருந்தது?" என்று முன் வரிசையில் இருந்த தம் துணைவியாரைக் கேட்டாரே, அதைக் கவனித்தீர்களா? அவர் கேட்ட அந்தக் கேள்வியே என் அணிக்குப் போதும். இருந்தாலும் எனக்குக் கொடுத்த நேரத்தை வீணாக்கக் கூடாது அல்லவா? பேசுகிறேன்.

நான் ஒரே ஒரு பயணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் கப்பலில் சென்று பனியாறுகளையும் திமிங்கிலங்களையும் பார்க்கும் பயணம். அதற்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை எதிரணி சொல்வது போலப் போனேன். இரண்டாவது தடவை எங்கள் அணி சொல்வது போலப் போனேன். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் நானே சாட்சி.

முதல் பயணமும் அம்மாவின் கேள்வியும்

2022-ஆம் ஆண்டு. படப்பிடிப்பு முடிந்து எனக்கும் தோழிகளுக்கும் பத்து நாள் விடுப்பு கிடைத்தது. ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பல திட்டங்கள் வந்தன. நாங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தோம் தெரியுமா? எந்தத் தாளில் ஊர்ப் பெயர்கள் அதிகமாக இருந்தனவோ, அந்தத் தாளை எடுத்தோம். நான்கு துறைமுகம், ஒரு பனியாறு, திமிங்கிலம், தங்க வேட்டை ஊர், கடைசியில் கனடாவில் ஒரு நகரம். ஒரே விலையில் இத்தனையா என்று மகிழ்ந்தோம்.

சியாட்டிலில் கப்பல் ஏறினோம். மறுநாள் முழுக்கத் திறந்த பசிபிக் கடல். நான்கு பேரில் மூன்று பேர் படுக்கையை விட்டு எழவில்லை. பனியாறு பார்க்கும் நாளன்று மூடுபனி. வழியெல்லாம் மிதக்கும் பனிக்கட்டிகள். கப்பல் பாதி வழியில் திரும்பி விட்டது. பயணத்தாளின் அடியில் சின்ன எழுத்தில் 'வானிலைக்கு உட்பட்டது' என்று இருந்ததை அப்போதுதான் படித்தோம். ஜூனோ துறைமுகத்தில் ஐந்தே மணி நேரம். அதற்குள் திமிங்கிலப் படகும் வேண்டும், பேருந்தில் போய் மெண்டன்ஹால் பனியாறும் பார்க்க வேண்டும் என்று ஓடினோம். படகில் இருந்தபோது பேருந்தைப் பற்றிய கவலை. பேருந்தில் இருந்தபோது கப்பலைப் பற்றிய கவலை. கடைசி ஊரான விக்டோரியாவுக்குப் போய்ச் சேர்ந்தது இரவு எட்டு மணிக்கு மேல். இருட்டில் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு வந்தோம். 'கனடாவும் பார்த்தாச்சு' என்று தோழி கணக்கில் சேர்த்துக் கொண்டாள்.

வீட்டுக்கு வந்தேன். என் அம்மா ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவர். கேட்டார்:

"திமிங்கிலம் பார்த்தியா?"

"வாலைப் பார்த்தேன்மா. படம் எடுத்திருக்கேன், பாருங்க."

"வால் கிடக்கட்டும். மூச்சு விடுறதைப் பார்த்தியா? சத்தம் கேட்டுச்சா?"

நேயர்களே, என்னிடம் பதில் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தவளுக்குத் திமிங்கிலம் மூச்சு விட்டதா என்று எப்படித் தெரியும்?

அம்மா சிரித்துக் கொண்டே சொன்னார்: "முப்பது வருசம் கரும்பலகையில திமிங்கிலம் வரைஞ்சேன். அது மீன் இல்லடா, நம்மள மாதிரி பாலூட்டி, மேல வந்து மூச்சு விடும்னு சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை." அதற்கு மறு ஆண்டு அவருக்குக் கண் அழுத்த நோய் இருப்பது தெரிந்தது. பக்கவாட்டுப் பார்வை குறைந்திருந்தது. மருந்தால் மேலும் குறையாமல் காக்கலாம், போன பார்வை திரும்பாது என்றார் மருத்துவர். அன்று இரவே நானும் தம்பியும் முடிவு செய்தோம். அம்மாவை அழைத்துப் போக வேண்டும்.

மேசையில் இரண்டு தாள்கள்

சாப்பாட்டு மேசையில் பயணத்தாள்களைப் பரப்பினோம். தம்பி எதிரணியைச் சேர்ந்தவன். "அக்கா, இவ்வளவு தூரம் போறோம், இன்னொரு தடவை போக முடியுமா? எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்றான். கோலாலம்பூரிலிருந்து வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போக, வழியில் ஒரு விமானம் மாறி, ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆகவே அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எதிரணி நண்பர்களும் இதையே சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: "இன்னொரு தடவை போக முடியாது என்பதால்தானே சொல்றேன், இந்தத் தடவை ஒழுங்கா பார்க்கணும்னு?"

பிறகு இந்த முறை ஊர்களை எண்ணவில்லை. தாளிடம் நான்கு கேள்விகள் கேட்டோம். போக நினைக்கும் நேயர்களுக்கும் இவை உதவும்.

முதல் கேள்வி: கப்பல் எங்கே புறப்படுகிறது?

அலாஸ்காக் கப்பல்கள் பெரும்பாலும் இரண்டு ஊர்களிலிருந்து புறப்படுகின்றன. ஒன்று அமெரிக்காவின் சியாட்டில், இன்னொன்று கனடாவின் வான்கூவர். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் போகும். வான்கூவர் கப்பல்கள் அந்தத் தீவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே, காற்று அடங்கிய நீர்வழியில் போகும். இருபுறமும் காடும் மலையும் வரும். முதல் நாளிலிருந்தே பார்க்க ஏதாவது இருக்கும், அலையும் குறைவு. அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு எது பொருத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு சுவையான செய்தி. சியாட்டில் கப்பல்கள் விக்டோரியாவில் ஏன் இரவில் நிற்கின்றன? 1886-ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் பதிவு பெற்ற கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் பதிவானவை. ஆகவே சட்டத்துக்காக ஒரு நிறுத்தம்! என் தோழி 'கனடாவும் பார்த்தாச்சு' என்று கணக்கில் சேர்த்த ஊர், நமக்காகப் போட்ட ஊர் அன்று.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. வான்கூவரில் ஏறி, வடக்கே விட்டியர் அல்லது சீவர்டில் இறங்கும் ஒருவழிப் பயணம். அதில் இன்னும் அதிகப் பனியாறுகள் கிடைக்கும். 122 கிலோமீட்டர் நீளமுள்ள ஹப்பர்ட் பனியாற்றையும் சில திட்டங்களில் பார்க்கலாம். ஆனால் அலாஸ்கா வளைகுடாவைத் திறந்த கடலில் கடக்க வேண்டும், பிறகு ஆங்கரேஜ் போய் மேலும் விமானங்கள் ஏற வேண்டும். இளைஞர்களுக்கும், உள்நாட்டில் டெனாலி வரை போக நினைப்பவர்களுக்கும் அது நல்ல வழி. நாங்கள் அதை ஒதுக்கி வைத்தோம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயணத்தில் அமெரிக்க விசா, கனடா விசா இரண்டும் தேவைப்படும். கப்பலுக்குப் பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: எந்தப் பனியாறு, எத்தனை மணி நேரம்?

தாளில் 'பனியாறு' என்று ஒரு சொல் இருந்தால் போதாது. ஜூனோவில் இருக்கும் மெண்டன்ஹால் பனியாற்றைப் பேருந்தில் போய் ஏரிக்கு அப்பாலிருந்து பார்க்கலாம். எண்டிகாட் ஆர்ம், ட்ரேசி ஆர்ம் ஆகியவை மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த குறுகிய வழிகள். மிக அழகானவை. ஆனால் பனிக்கட்டி அடைத்துக் கொண்டால் கப்பல் திரும்ப வேண்டியதுதான். ட்ரேசி ஆர்மில் 2025 ஆகஸ்ட்டில் தெற்கு சாயர் பனியாற்றின் அருகே மலைச்சரிவு ஏற்பட்டுப் பேரலை எழுந்தது. ஆகவே அந்தப் பெயர் உள்ள திட்டத்தை எடுக்கும் முன், கப்பல் உண்மையில் எங்கே போகிறது என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பனியாற்று விரிகுடா தேசியப் பூங்கா, அதாவது கிளேசியர் பே. ஒரு நாளைக்கு அதிகம் போனால் இரண்டு உல்லாசக் கப்பல்களுக்குத்தான் அங்கே அனுமதி. அதனால் எல்லா நிறுவனங்களின் எல்லாத் திட்டங்களிலும் அது இருக்காது. காலையில் பூங்கா அதிகாரிகள் கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். யாரும் கரையில் இறங்குவதில்லை. கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல் உள்ளேயே இருக்கலாம். மூட்டுவலி உள்ளவர் ஒரு படிகூட ஏறாமல், மேல்தளத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்க்கலாம். பனியாற்றின் முன்னே கப்பல் மெதுவாகத் திரும்பி இரண்டு பக்கத்தையும் காட்டும். அதனால் பால்கனி அறைதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாங்கள் சன்னல் இல்லாத மலிவான அறையை எடுத்தோம். மிச்சமான பணத்தை வேறொன்றுக்கு வைத்தோம். அதை அடுத்துச் சொல்கிறேன்.

மூன்றாவது கேள்வி: திமிங்கிலத்துக்கு எவ்வளவு நேரம்?

தென்கிழக்கு அலாஸ்காவில் அதிகம் காண்பது கூன்முதுகுத் திமிங்கிலம். குளிர்காலத்தில் அவற்றில் பெரும்பாலானவை ஹவாய் பக்கம் போய்க் குட்டி போடுகின்றன. அங்கே அவற்றுக்குச் சாப்பாடு இல்லை என்றே சொல்லலாம். கோடையில் பல ஆயிரம் கிலோமீட்டர் நீந்தி அலாஸ்காவுக்கு வருவது சாப்பிடத்தான். சில சமயம் கூட்டமாகச் சேர்ந்து, நீருக்கடியில் குமிழிகளால் வளையம் போட்டு, மீன்களை நடுவில் மடக்கி, வாயைத் திறந்து கொண்டு மேலே எழும். ஆகவே மே முதல் செப்டம்பர் வரை பார்க்கலாம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாய்ப்பு அதிகம்.

ஆனால் கப்பலிலிருந்தே பார்த்துவிடலாம் என்று நம்பி இருக்காதீர்கள். கப்பல் போகிற வேகத்தில் தூரத்தில் ஒரு நீர்த்தூவல் தெரியும், அவ்வளவுதான். நெருக்கமாகப் பார்க்கத் தனிப் படகு வேண்டும். ஜூனோவில் இறங்கினால், பேருந்தில் ஆக் பே போய், அங்கிருந்து படகு. எல்லாம் சேர்த்து மூன்று நான்கு மணி நேரம். இதனால்தான் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நேரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். எங்கள் தாளில் ஜூனோவுக்கு ஒன்பது மணி நேரம் இருந்தது. ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். அவசரமே இல்லை.

மிச்சம் பிடித்த பணத்தை இங்கேதான் செலவழித்தோம். நூறு பேர் ஏறும் பெரிய படகை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து பேர் மட்டும் போகும் சிறு படகு. அன்று வேறு எதையும் திட்டமிடவில்லை. 'திமிங்கிலம் பார்க்காவிட்டால் பணம் திரும்ப' என்று சில படகுகள் சொல்லும். நேயர்களே, அது பணத்துக்கு உத்தரவாதம், காட்சிக்கு அன்று. நேரம் ஒன்றுதான் காட்சியின் வாய்ப்பைக் கூட்டும்.

நான்காவது கேள்வி: நம்மோடு வருபவரால் முடியுமா?

இதைத்தான் நாம் கடைசியில் கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியது இது. கப்பல் கரையோரம் கட்டப்படுமா, நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குவார்களா? ஆடும் படகில் ஏறி இறங்கப் பெரியவர்களால் முடியுமா? அடுத்தடுத்த நாள் காலை ஆறு மணிக்கு எழுப்பினால் அவர் மூன்றாம் நாள் எப்படி இருப்பார்? காப்புறுதி, மருந்து, மழைச்சட்டை, காதை மூடும் தொப்பி எல்லாம் இதில் அடங்கும். ஜூன் மாதமானாலும் பனியாற்றின் முன் நிற்கும் காற்று நம் ஊர்க் குளிரூட்டியை விடப் பொல்லாதது.

அம்மா கேட்டது

2024 ஜூன் மாதம் போனோம். கிளேசியர் பேவில் அதிகாரி விளக்கம் சொன்னார். 1794-இல் ஆங்கிலேய மாலுமிகள் அந்தப் பக்கம் வந்தபோது இந்த விரிகுடா கிட்டத்தட்ட கிடையாது. பனிச்சுவர் வாசலுக்குச் சற்று உள்ளேயே நின்றதாம். 1879-இல் ஜான் மியூர் என்ற இயற்கையாளர் படகில் வந்தபோது பனி 60 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று வாசலிலிருந்து கடைசி வரை 100 கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் காலையிலிருந்து மிதந்து வந்த தண்ணீர் முழுதும் ஒரு காலத்தில் பனி. ஹூனா டிலிங்கிட் மக்களின் ஊர் இங்கேதான் இருந்தது. வளர்ந்து வந்த பனி அவர்களை வெளியேற்றியது என்றார். அம்மா மாணவி போலக் கேட்டுக் கொண்டிருந்தார்.

மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்றது. தண்ணீருக்கு மேல் ஏறத்தாழ 75 மீட்டர் உயரம். நம் ஊரில் இருபது மாடிக் கட்டடத்தை விட அதிகம். இயந்திரச் சத்தம் குறைந்தது. ஆயிரக்கணக்கான பேர் இருந்த கப்பலில் யாரும் பேசவில்லை. ஒரு மணி நேரம் நின்றோம். முதல் தடவை பனி உடைந்து விழுந்ததை அம்மா பார்க்கவில்லை. அது ஓரத்தில் நடந்தது, அவர் பார்வைக்கு எட்டாத பக்கம். ஆனால் விழுந்த பிறகுதான் இடி போன்ற சத்தம் வந்து சேர்ந்தது. அம்மா திரும்பி, "ஒளி முந்தி வரும், ஒலி பிந்தி வரும். அஞ்சாம் வகுப்புப் பாடம்" என்றார். அடுத்த தடவை எங்கே பார்க்க வேண்டும் என்று நாங்கள் கைகாட்டினோம். கொஞ்ச நேரம் கழித்து அதுவும் விழுந்தது. அம்மா பார்த்தார். அவசரத் திட்டத்தில் போயிருந்தால் அந்த இரண்டாவது தடவை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஜூனோவில் சிறு படகில் போனோம். திமிங்கிலத்தை 91 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். படகோட்டி இயந்திரத்தை அணைத்துவிட்டார். இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அப்போது படகின் மறுபுறத்தில், பெரிய லோரியின் காற்றுத்தடையைத் திறந்துவிட்டது போல ஒரு சத்தம். எல்லோருக்கும் முன்னால் திரும்பியவர் அம்மாதான்.

கறுத்த முதுகு எழுந்தது. நீர்த்தூவல் காற்றில் மிதந்து எங்கள் மேல் வந்தது. மீன் நாற்றம். தோழிகளாக இருந்தால் மூக்கைப் பொத்தியிருப்போம். அம்மா பொத்தவில்லை. படகின் கம்பியைப் பிடித்துக் கொண்டு நின்றார். அது நான்கைந்து தடவை மூச்சு விட்டு, வாலைத் தூக்கி, உள்ளே போனது. அந்த வாலின் அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளை அடையாளம் ஒவ்வொன்றுக்கும் வேறு, அதை வைத்து ஆராய்ச்சியாளர்கள் இன்ன திமிங்கிலம் என்று சொல்வார்கள் என்றார் படகோட்டி. அம்மா எதையும் கேட்கும் நிலையில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்:

"நான் பொய் சொல்லிக் கொடுக்கல."

முப்பது வருடம் வகுப்பில் சொன்னதைத் தன் காதால் கேட்டு உறுதி செய்து கொண்ட ஓர் ஆசிரியையின் சொல் அது. தம்பி அன்றைக்கு எங்கள் அணிக்கு மாறிவிட்டான்.

எதிரணி நண்பர்களே, நான் ஊர்களை எண்ணுபவர்களைக் குறை சொல்ல வரவில்லை. முதல் தடவை நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேசப்படுவது, நான் எட்டு இடம் பார்த்த பயணம் அன்று. இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்த அந்த இருபது நிமிடம்தான். பார்வை போகப் போக அம்மாவுக்கு அந்தச் சத்தம் இருக்கும். அதை எந்த மருத்துவரும் குறைக்க முடியாது.

நேயர்களே, அடுத்த தடவை பயணத்தாளைக் கையில் எடுக்கும்போது, அதில் எத்தனை ஊர் என்று எண்ணாதீர்கள். எங்கே எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். உங்களோடு வருபவர் அங்கே எதைத் தேடுகிறார் என்று முதலில் கேளுங்கள். அகல உழுவதை விட ஆழ உழுவதே மேல் என்று நம் பெரியவர்கள் வயலுக்கு மட்டுமா சொல்லி வைத்தார்கள்?

நிதானமாகப் பார்ப்பதே நிறைவு தரும்.